திரும்பிப் பார்க்கப் பயந்த காலம்

மதராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்த பிறகு எனக்கிருந்த பெரிய பயம், யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்பதுதான். அறுபதுகளின் தொடக்கம் அது. மாத்திரையால் என் தலைக்குள் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன. போய்விட்டன என்று நம்பத்தான் முடியவில்லை. அவற்றில் ஒன்று என் மனைவியின் குரல். அவள் முசிறியில் பிறந்த வீட்டில் இருக்கும்போதே, இங்கே என் முதுகுக்குப் பின்னால் "என்னங்க" என்று கூப்பிட்டு, "மாத்திரையில விஷம், துப்பிடுங்க" என்று சொல்லும்.

இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தேன். குரல் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் திரும்பினால் நானும் திரும்புவேன். இல்லையென்றால் வாயே திறக்க மாட்டேன். இல்லாத குரலுக்குப் பதில் சொல்லித்தானே தெருவே என்னை வேடிக்கை பார்த்தது.

மனைவியை அனுப்ப அவள் அண்ணன், என் மச்சான், ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நேரில் வந்து பார்ப்பார். நான் தெளிவாக இருந்தால் அவளை விட்டுவிட்டுப் போவார், இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் பேச்சே கிடையாது. என்றைக்கு வருவார் என்று மட்டும் சொல்லவில்லை. மகா கெட்டிக்காரர்.

அன்று அம்மா காவிரிக்குக் குளிக்கப் போயிருந்தாள். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க."

கை அப்படியே நின்றுவிட்டது. பார்க்க அம்மாவின் முகம் இல்லை. மறுபடியும் "என்னங்க." திரும்பி அங்கே யாரும் இல்லாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று தோன்றியது. அரிசியையே பார்த்தேன்.

இப்போது ஓர் ஆண் குரலும் சேர்ந்துகொண்டது. "கூப்பிடுறதே காதுல ஏறல பாரு. இவரு எங்க தெளிஞ்சாரு? வாம்மா, பஸ்ஸப் புடிப்போம்."

குரல்கள் என்னைப் பற்றித் தங்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்ளும். பயத்தில் அழுகை வந்துவிட்டது. செருப்புச் சத்தம் தெருப்பக்கம் நகர்ந்தது, பிறகு நின்றது.

"காலையில மாத்திரை போட்டீங்களா? மறக்காம போட்டுக்கங்க. போயிட்டு வரேன்."

என் தலைக்குள் இருந்தவள் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. முறத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அரிசி கூடமெல்லாம் சிதறியது. மச்சான் தெருவில் பையோடு நின்றார். அவள் படியில் ஒரு கால், தெருவில் ஒரு காலாக நின்றாள். முகம் வெளுத்திருந்தது. என்னளவுக்கு அவளும் பயந்திருந்தாள்.

"போட்டேன்," என்றேன். "நீ நிஜமாவே வந்திருக்கியான்னு தெரியல. அதான் திரும்பல."

தெளிந்தவன் பேசுகிற பேச்சா இது? மச்சான் அவளைப் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அதன் பிறகு அவள் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, எதிரில் வந்து நின்று, நான் பார்த்த பிறகுதான் பேசுவாள்.