நான்கு வெனீர் தாள்கள்

மரத்தை மெல்லியதாகச் சீவிச் செய்யும் வெனீர் தாள், காய்ந்த நிலையில் உடையும் ஓசை மிகச் சிறியது. திண்டுக்கல்லில் நான் வேலை செய்யும் மரப்பட்டறையில் அதைக் கேட்டவளும் நான். அதற்குக் காரணமானவளும் நான்.

ஸ்டெல்லா டீச்சர் கொண்டுவந்தவை நான்கே தாள்கள். அலமாரிக் கதவில் ஒட்டுவதற்கென்று மறைந்த கணவர் வாங்கி வைத்தவை. கட்டிலுக்கடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, பொரித்த அப்பளம்போல் நெளிந்திருந்தன.

“இம்புட்டுத்தான்மா இருக்கு. பாத்துச் செய்ங்க.”

பக்கத்து மேசை ஆரோக்கியம் அண்ணன், தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளித்து, தாள் துவண்ட பிறகே நெளிவு போக அழுத்த வேண்டும் என்றார். கல்லூரி மேடைகளில் பட்டிமன்றம் பேசிப் பரிசு வாங்கியவள் நான், விடுவேனா? ஈரம் பசைக்குப் பகை. நனைத்து உலர்த்துவது இரட்டை வேலை. அழுத்தம் ஒன்றே போதும் என்று அடுக்கினேன். பட்டறையில் ஒருவர் கைகூடத் தட்டினார்.

அண்ணன் பலகைகளைத் திருகி இறுக்கும் கிளாம்பை என் மேசையில் வைத்தார். “நீ ஜெயிச்சிட்ட ஆத்தா. இனி ஒம்பாடு, தாளு பாடு.”

இரண்டாவது முறுக்கிலேயே முதல் தாள் நெடுகப் பிளந்தது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பிளந்ததையும் சேர்த்து நான்கையுமே அண்ணன் சொன்னபடி நனைத்தேன். துவண்டதும், மை ஒட்டாதிருக்க அச்சில்லாத காகிதங்களுக்கு நடுவே அடுக்கி, இரு பிளைவுட் பலகைகளுக்கிடையில் சிறிது சிறிதாக இறுக்கினேன். ஈரம் ஏறிய காகிதத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் என் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. தாள்கள் தட்டையாயின, பிளவு மட்டும் தெரிந்தது.

டீச்சரிடம் என் சொல்வன்மை எதற்கும் உதவவில்லை. “ஒண்ணு ஒடைஞ்சிருச்சு டீச்சர். என் தப்புதான்.”

அவர் பிளவைத் தடவினார். “அவரு இருந்தா கத்தித் தீர்த்திருப்பாரு. இப்ப வீட்ல கத்தக்கூட ஆளில்ல. சேத்து ஒட்டும்மா.”

ஒட்டினேன். உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் கோடு.

புதிதாக வருவோர்க்கு ஒன்று சொல்வேன். தாள் விறைத்திருந்தால் முதலில் நனையுங்கள். கைப்பழக்கமுள்ள ஒருவர் ‘நீ ஜெயிச்சிட்ட’ என்று விலகினால், அந்த இடத்திலேயே தோற்றுவிடுங்கள். நான் மறுநாள்தான் மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் சிரித்தார், கோபமில்லை என்றார். ஆனால் அன்றிலிருந்து எந்த ஐயத்தைக் கொண்டுபோனாலும், உளியிலிருந்து கண்ணெடுக்காமல் ஒன்றே சொல்கிறார்: “ஒனக்குத் தெரியாததா ஆத்தா?”