மூன்றில் ஒரு பங்கு வயிறு

பாளையங்கோட்டையில் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது வயது முப்பத்திரண்டு. எண்பதுகளின் தொடக்கம். நோய் அல்சர். அதைத் தறிக்காரன் வியாதி என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவனுக்குப் பசித்தால் டீ, டீக்கு மேல் ஒரு பீடி, பீடிக்கு மேல் இன்னொரு டீ. தறி நிற்கக் கூடாது, வயிறு எக்கேடு கெட்டால் என்ன என்று பதினைந்து வருஷம் ஓட்டினேன். ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் டாக்டர் கட்டிலருகே வந்து விஷயத்தைச் சொன்னார். வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாகிவிட்டது, மிச்சம் ஒரு பங்குதான். இனி நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கிண்ணம். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடும் கதையே கூடாது. கையை மடக்கி, "இவ்வளவுதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க" என்று காட்டினார். என் மனைவி அப்போது பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்து, "டாக்டர் வந்தாவளாமே, என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

"புண்ண மட்டும் வெட்டி எடுத்துட்டாவளாம். இனி பயமில்லன்னாவ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாற்பது வருஷமாக யோசிக்கிறேன். வெட்கம்தான். கல்யாண வீட்டில் மூன்றாவது முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே ஏழு இட்லி தின்றவன் நான். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் என்னைக் கேலி செய்வாள். அப்படிப்பட்டவன் கைப்பிடி அளவு வயிற்றோடு வீட்டுக்கு வருகிறேன் என்று அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்பு போலவே தட்டு நிறையப் போட்டாள். நான் நாலு வாயோடு எழுந்துவிடுவேன். ஆபரேஷனோடு பசி என்ற ஒன்றே என்னை விட்டுப் போயிருந்தது. சோற்றைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பது போல இருக்கும். அவள் குழம்பை மாற்றிப் பார்த்தாள், உப்பைக் குறைத்துப் பார்த்தாள், புளியங்குடி எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டுத் தொட்டுக்கச் சொன்னாள். சாப்பிட்டு எழும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"வயிறு நெறஞ்சுதா?"

"நெறஞ்சுது" என்பேன். உண்மையில் நிறைந்துதான் இருக்கும். அவள் நம்ப மாட்டாள். தட்டில் கிடக்கும் சோற்றைப் பார்த்துக்கொண்டே எடுத்துப் போவாள்.

நான் இளைத்துக்கொண்டே போனேன். சட்டை ஹேங்கரில் தொங்குவது போல உடம்பில் தொங்கியது. தறிக்கூடத்தில் எல்லோருக்கும் நான்தான் வேடிக்கை. "ஏலே, டாக்டரு வயித்த எடுத்தாரா, ஆளையே எடுத்துட்டாரா?" என்பார்கள். எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்று மனதுக்குள் எரிச்சலாக வரும்.

பக்கத்துத் தறி ஓட்டிய ஒருவர் என்னைவிட மூத்தவர். ஓயாமல் வாய் பேசுகிறவர், ஆனால் நல்ல மனுஷன். கஞ்சா இழுப்பார் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் முள் நிறைந்த உடைமரத்து நிழலுக்கு என்னைக் கூட்டிப் போனார். பீடியைப் பிரித்து, தூளைக் கொட்டிவிட்டு, வேறு தூளை அடைத்துச் சுருட்டினார்.

"வே, ரெண்டு இழு இழும். பசின்னா என்னன்னு பொறவு பாரும்."

"வேண்டாம் அண்ணாச்சி. வயிறு ஆபரேஷன் பண்ணது."

"புகை வயித்துக்கா போவுது? இழும் வே."

இழுத்தேன். முதலில் இருமல், பிறகு ஒன்றுமில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் யார் வீட்டிலோ தாளித்த வாசம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். வாயில் எச்சில் ஊறியது. பசி! அஞ்சு மாதத்துக்குப் பிறகு வந்த பசி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏட்டி, இலை போடு" என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாள், பிறகு ஓடிப் போய் வாழை இலையை அறுத்து வந்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவியல், அப்பளம், ரசம், மோர். வழித்துச் சாப்பிட்டேன். பசி வாயில்தான் இருந்தது, வயிறு அதே கைப்பிடி அளவுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"வயிறு நெறஞ்சுதா?"

"நெறஞ்சுதுட்டி."

அரை மணி நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு தறி மாதிரி அடித்தது. கொல்லைச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, சாப்பிட்டதையெல்லாம் கொட்டினேன். மேலே சாம்பலை அள்ளிப் போட்டு மூடினேன். உள்ளே அவள் கோமதியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் என்ன விளக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

அதன் பிறகு வாரம் இரண்டு நாளாவது இழுத்தேன், இலையில் உட்கார்ந்தேன், கொல்லைக்குப் போனேன். அவள் முகத்தில் வரும் சிரிப்புக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. பசிக்கிற மனுஷனாக ஒரு மணி நேரம் இருப்பதற்காகவும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பழைய ஆள்.

ஆடி மாதம் கோமதியம்மன் கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்த புதுசுலயே, நீங்க ஒரு இலைச் சோறு முழுசா சாப்பிட்டா ஐநூத்தி எட்டு சுத்து சுத்துதேன்னு அம்மனுக்கு நேந்திருந்தேன். சுத்தி முடிக்கிறவரைக்கும் ராச்சோறு திங்க மாட்டேன்னும் சொல்லிருந்தேன். அவ குடுத்துட்டா. நான் சுத்தணும்."

அஞ்சு மாதத்துக்கும் மேலாக அவள் ராத்திரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டு ஷிப்டுக்குப் போன பிறகுதான் அவள் உட்காருவாள் என்பதால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று ஒரு நாள்கூடக் கேட்காதவனுக்கு அது ஒரு சமாதானமா?

எங்கள் ஊரில் ஆடிச்சுற்று தெரியாதவர்கள் கிடையாது. அம்மன் ஒற்றைக் காலில் நின்று தபசு செய்கிறாள், அந்த நாட்களில் கோயிலைச் சுற்றுகிறவர்களின் கால்வலியை அவளே வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. நூற்றெட்டு சுற்றுகிறவர்கள் உண்டு, ஆயிரத்தெட்டு சுற்றுகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு ஐம்பது சுற்று என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள். ஐநூற்றெட்டுப் புளியங்கொட்டையைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் தூணோரம் உட்கார வேண்டும், அவள் ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துச் செம்பில் போட வேண்டும். காலையில் ஷிப்டு முடிந்ததும் நேரே கோயிலுக்குப் போய்விடுவேன்.

முதல் மூன்று நாள் ஒழுங்காகப் போட்டேன். நாலாம் நாள் அவள் நொண்டினாள். குதிகால் வெடித்துக் கல்லில் லேசாக ரத்தம் பட்டிருந்தது. ராச்சோறு இல்லாமல் ஓடுகிற உடம்பு. என்னைக் கடக்கும்போதெல்லாம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கையை மறைத்துக்கொண்டு இரண்டு கொட்டையாகப் போட்டேன். அடுத்த மூன்று சுற்றுக்கும் ஒவ்வொன்று, அதற்கடுத்து மறுபடி இரண்டு. சாமி சன்னதியிலேயே உட்கார்ந்துகொண்டு கள்ளக் கணக்கு. பாவத்தை மறைக்க இன்னொரு பாவம் என்று தெரிந்தேதான் செய்தேன். அவள் சீக்கிரம் முடித்துவிட்டு ராத்திரி ஒரு வாய் சோறு சாப்பிட்டால் போதும் என்று இருந்தது.

ஆறாம் நாள் காலை அன்றைய சுற்றுகள் பாதி ஆனபோது அவள் என் முன்னால் நின்றாள்.

"ஏன் ரெண்டு ரெண்டா போடுதிய?"

செம்பைக் கையால் மூடினேன்.

"நான் மனசுல எண்ணிக்கிட்டுதான வாரேன், கொட்டை விழுத சத்தத்தையும் சேத்து. செம்புல முப்பத்தொண்ணு கூட இருக்கு."

"அப்பொ என் கைல ஏன் குடுத்த?"

"உங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கட்டும்னுதான்."

அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. "நீ சுத்த வேண்டாம். அம்மன் ஒண்ணும் குடுக்கல. நான் கஞ்சா குடிச்சுட்டு வந்துதான் சாப்பிட்டேன். சாப்பிட்டதயெல்லாம் கொல்லைல போய் வாந்தி எடுத்தேன்" என்றேன். சொல்லத் தொடங்கியதும் எல்லாமே வந்தது. டாக்டர் சொன்னது, பிளாஸ்கோடு அவள் வெளியே போயிருந்தது, நான் சொன்ன பொய். கடைசியில் கையை மடக்கிக் காட்டினேன். "இவ்வளவுதான் வயிறு இருக்கு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். என் கையையே பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இதுக்குள்ளயா நான் இலை இலையா போட்டேன்? ஐயையோ, நான்லா உங்களுக்கு ஊட்டி ஊட்டியே கொன்னுருப்பேன்."

என் தப்பையும் அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பிரகாரத்தில் ஜனங்கள் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை நின்று, "தல சுத்துதாக்கா?" என்று அவளைக் கேட்டுவிட்டுப் போனாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செம்பைத் தன் பக்கம் இழுத்தாள். முப்பத்தொரு கொட்டையை எண்ணி எடுத்துப் பையில் திரும்பப் போட்டாள். பையை என் கையில் தரவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னுமா சுத்தப் போற?" என்றேன்.

"நேந்தது நான். நீங்க வீட்டுக்குப் போங்க, மணி பத்தாச்சு. கஞ்சி இருக்கு. ஒரு கிண்ணம் மட்டும் குடிங்க. கொட்டைய நானே எண்ணிக்கிடுதேன்."

செம்பையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. வெறுங்கையோடு தூணோரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் கடந்துபோன ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பாமல் முன்னால்தான் பார்த்தாள்.

ஐநூற்றெட்டையும் முடித்தாள். தபசு அன்று ராத்திரிதான் சோறு சாப்பிட்டாள். நான் உடனே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அதற்குப் பிறகும் இரண்டு முறை உடைமரத்தடிக்குப் போனேன். இரண்டாவது முறை பசியோடு வீட்டுக்கு வந்தபோது அவள் என் கண்ணைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் ரசம் சாதம் கொண்டுவந்து வைத்தாள். அளந்து வைத்த ஒரு கிண்ணம். இன்னும் கொஞ்சம் என்று கேட்க வாயைத் திறந்தேன், கேட்க முடியவில்லை. அதோடு கஞ்சா விட்டது.

அன்றிலிருந்து நாளைக்கு ஆறு வேளை, நேரம் தவறாமல், அந்தக் கிண்ணம் வருகிறது. வயிறு பழகிவிட்டது, உடம்பும் கொஞ்சம் தேறியது. நான் இன்று உயிரோடு இருப்பது அவள் அளந்து போட்ட சோற்றால்தான். ஆனால் வயிறு நிறைந்ததா என்று அவள் அப்புறம் என்னைக் கேட்டதே இல்லை. கிண்ணத்தை வழித்துவிட்டு நான் சற்று நேரம் எழாமல் உட்கார்ந்திருப்பேன். அவள் வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.