மூடி போட்ட பிறகு 664

ஐந்நூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் ப்ராசசரை எண்ணூறில் ஓட்டியவள் நான். அதுவும் பெட்டியோடு வந்த அதே சின்ன ஃபேனை வைத்துக்கொண்டு. சூடு தாங்காது, பெரிய ஃபேன் வாங்கு, ஹீட் சிங்க்கை மாற்று என்று ரிச்சி தெருவில் கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். எனக்கு யாராவது முடியாது என்றால் போதும், செய்து காட்டாமல் தூக்கம் வராது.

அப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஓர் ஆலையில் காண்ட்ராக்ட்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறை, நாங்கள் இரண்டு பேர். நான் கோவில்பட்டி. என்னோடு இருந்தவள் தென்காசிப் பக்கம், வேறொரு ஆலையில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தாள். அவளுக்கு இடது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், டார்கெட் முடிய வேண்டும் என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மிஷினை ஓட்டச் சொன்னார்களாம். அதைப் பற்றி அவளாகப் பேச மாட்டாள். நானும் கேட்க மாட்டேன்.

டிசம்பர் முடிந்தால் என் காண்ட்ராக்ட் முடிகிறது. ஊருக்குப் போனால் வீட்டில் திரும்ப விட மாட்டார்கள், அது நிச்சயம். ஒரே ஒரு வழி இருந்தது. ஒரகடத்தில் ஒரு டூல் ரூமில் டிசைன் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். வெல்டிங் செய்யும்போது பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் ஒன்றின் டிராயிங்கைக் கொடுத்து, அது வேலை செய்வதை முப்பரிமாணப் படமாக ஓட்டிக் காட்ட வேண்டும், சனிக்கிழமை பதினோரு மணிக்கு சிடியோடு வா என்றார்கள். டிப்ளமோ படித்தவள், கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) வகுப்புக்கும் போனவள். வரைவதில் எனக்குப் பயமே இல்லை. பிரச்சினை என் கம்ப்யூட்டர்தான். அப்போதே பழசு அது, மூன்று கை மாறி வந்தது. படம் மொத்தம் முந்நூறு ஃபிரேம். ஒரு ஃபிரேமைத் தீட்டி முடிக்க அதற்குப் பன்னிரண்டு நிமிடம். கணக்குப் போட்டால் அறுபது மணி நேரம். வரைந்து முடித்தது வியாழன் மாலை நான்கு மணிக்கு. சனி பதினொன்றுக்கு இருப்பதோ நாற்பத்து மூன்று.

எனக்கு வழி தெரியும். மதர்போர்டின் வேகத்தை எட்டால் பெருக்கினால் வருவதுதான் ப்ராசசரின் வேகம். போர்டு 66-இல் ஓடியது. அதை 75 ஆக்கலாம், 83 ஆக்கலாம், துணிந்தால் 100. நூறு என்றால் எண்ணூறு மெகாஹெர்ட்ஸ், ஃபிரேமுக்கு எட்டு நிமிடம், நாற்பது மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவில்லை. இன்ஸ்பெக்‌ஷன்காரி அல்லவா. வரைந்துகொண்டிருந்த அந்த வாரமே செக் ஷீட் போட்டுச் சோதித்து வைத்திருந்தேன். வேகம், சூடு, எத்தனை மணி நேரம் ஓடியது, சரியா தவறா எல்லாவற்றுக்கும் கட்டம். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்தால், எண்ணூறிலும் சூடு ஐம்பத்தேழு டிகிரியைத் தாண்டவில்லை. தாளின் அடியில் ‘சோதித்தவர்’, ‘ஒப்புதல் அளித்தவர்’ என்று இரண்டு இடம் இருக்கும். இரண்டிலும் நானே கையெழுத்துப் போட்டேன். வாடகை கேட்க வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாமா இது, பொட்டிய தொறந்து போட்டுகினு கீற? ரிப்பேரா?” என்றார். ரிப்பேர் இல்லை, ஜோராக ஓடுகிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

வியாழன் நான்கு மணிக்கு எண்ணூறில் ஓட விட்டேன். வெள்ளிக்கிழமை காலை முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது நூற்று ஐந்தாவது ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போகும்போதே டிசைன் பிரிவில் எனக்கு எந்த நாற்காலி கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் திரை உறைந்து நிற்கிறது. நூற்று இருபதாவது ஃபிரேமோடு சரி. பெட்டி ஒழுங்காகச் சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்க மூடி போட்டு, நான்கு ஸ்குரூவும் முறுக்கியிருந்தது. தொட்டால் கை பொறுக்கவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வந்தவள் செய்த வேலை. அவள் பக்கத்திலேயே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

உலுக்கி எழுப்பி, “யாருடி உன்னை மூடச் சொன்னா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக்கூடியவை அல்ல. அவள் எழுந்து உட்கார்ந்து, நான் முடிக்கும் வரை கேட்டாள்.

“ஓடுத மிசினு தொறந்து கெடந்தா எனக்கு ஒறக்கம் வராது, பாத்துக்க” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆலையில் ஒரு சின்ன போல்ட்டைத் தனியாக எடுத்து வைத்தால்கூட அதில் ‘தொடாதே’ என்று சிவப்புச் சீட்டு கட்டுகிறவள் நான். இங்கே ‘மூடாதே’ என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டத் தோன்றவில்லை. என்னைத் தவிர யாரும் கையெழுத்துப் போடாத செக் ஷீட்டின் லட்சணம் அது. வெட்கமாக இருந்தது.

முடிந்த ஃபிரேம்கள் தனித்தனியாகச் சேமிப்பில் இருந்தன. நல்லவேளை, அந்தப் புத்தி மட்டும் இருந்திருக்கிறது. மிச்சம் நூற்று எண்பது. எண்ணூறில் ஓட்டினாலும் அத்தனையும் முடியாது. ஒன்று விட்டு ஒன்று தீட்டினால் தொண்ணூறு. படம் பின்பாதியில் கொஞ்சம் தத்தித் தத்தி ஓடும், ஓடட்டும்.

அவளுக்குச் சமாதானம் சொல்வது போல, மீதிப் படம் எப்படி வரும் என்று வெறும் கோடுகளாக ஓட்டிக் காட்டினேன். பாகம் வந்து உட்கார்கிறது, மேலிருந்து கிளாம்ப் இறங்கி அழுத்துகிறது. கிளாம்ப் இறங்கியதும் பக்கத்தில் இருந்தவள் இடது கையை வெடுக்கென்று மடிக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்தது அவளுக்கே தெரிந்ததா, தெரியாது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் இழுத்தாள்.

“இதுல பாகத்த வைக்கவ கை எங்கன இருக்கும்?” என்று கேட்டாள்.

டிராயிங்கில் அதற்குப் பதிலே இல்லை. கை இருக்கும் இடம் திறந்தே கிடந்தது. எத்தனை நாளாக அதையே முறைத்துப் பார்த்து வரைந்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. உட்கார்ந்து, பாகம் வந்த பிறகு பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து மறைக்கும் ஒரு மூடியை வரைந்தேன். அது முழுக்க மூடினால்தான் கிளாம்ப் இறங்கும். முதல் நூற்று இருபதில் அது கண்ணில் படாது, அதனால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. வரைந்து முடித்தபோது மணி ஐந்து.

அடுத்து வேகம். எண்ணூறு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அவளையே பெட்டியின் மூடியைப் போடச் சொன்னேன். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தேன். போர்டை 83-க்கு இறக்கினேன், அதாவது 664 மெகாஹெர்ட்ஸ்; மூடி போட்டபடி சூடு அறுபத்தொன்றில் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. செக் ஷீட்டில் இரண்டாவது கையெழுத்து அவள் போட்டாள். ஃபிரேமுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சனிக்கிழமை காலை நான் பல் துலக்கி வந்தபோது கடைசி ஃபிரேம் முடிந்திருந்தது. கரண்ட் போகாதது என் நல்ல நேரம். பிரவுசிங் சென்டரில் சிடி எழுதிக்கொண்டு ஒரகடத்துக்கு ஓடினேன்.

டிசைன் தலைவர் பாதி வரை தலையாட்டிக்கொண்டே பார்த்தார். பிறகு படம் ஏன் தத்துகிறது என்றார். என் கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் தெம்பு என்றேன். மூடி நகர்ந்து வந்த இடத்தில் நிறுத்தினார்.

“இது டிராயிங்ல இல்லையேம்மா. ஒவ்வொரு பீஸுக்கும் சைக்கிள் டைம் ரெண்டு செகண்ட் கூடும். எடுத்துடு.”

இந்த வேலை போனால் ஊர்தான் என்று தெரியும். ஆனால் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்த அவள் முகம்தான் கண் முன்னால் நின்றது.

“கூடட்டும் சார். இது இல்லாம நான் வரைய மாட்டேன்.”

அவர், மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்றார். கழற்றினால் கிளாம்ப் இறங்காது என்றேன். அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். ஜனவரியில் அங்கே சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் வாரம், அடுத்த ஃபிக்ஸ்சர் படத்தை எங்கள் அறையில் ஓட விட்டுவிட்டுப் போயிருந்தேன். மாலை திரும்பி வந்தபோது ஃபேன் சத்தம் கேட்டது, படம் ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஷிஃப்ட் முடித்தவள் பெட்டியை ஒட்டியே பாயைப் போட்டு, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கணு இல்லாத விரலோடு அவள் இடது கை, வெதுவெதுப்பான அந்தப் பெட்டியின் மேல் கிடந்தது.