மக்காச்சோளக் கூட்டுப்படை

போன வாரம் டி.வி.யில் ஒரு செய்தி. நம் நாட்டுக் கப்பல்களும் நட்பு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து கடலில் கூட்டுப் பயிற்சி செய்தன. பயிற்சியைக் காட்டியதென்னவோ கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் அதிகாரிகள் கைகுலுக்கினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கா இவ்வளவு டீசல்? இப்படிக் கேட்கிற ஆள்தான் நானும். போன மாதம் வரைக்கும்.

என் மனைவியின் தம்பி ராஜேந்திரன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டுப் படைகளோடு கூட்டுப் பயிற்சிக்கெல்லாம் போய் வந்தவன். இப்போது சிறுவாச்சூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கிறான். அவன் கையால் போட்ட முதல் வெள்ளாமை. "பென்ஷன் வருதுல்ல, பேசாம இருக்கலாம்ல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளைச்சலைக் காட்டித்தான் பதில் சொல்வது என்று இருந்தான். கதிரில் பால் பிடித்தது. காட்டுப் பன்றிகளுக்கும் தகவல் போய்விட்டது.

எல்லாரையும் போல அவனும் வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினான். என் மனைவியின் சேலைகள் சில, அவள் பழையது என்று அறிவிப்பதற்கு முன்பே எல்லைக்குப் போய்விட்டன. பன்றிகள் கொஞ்ச நாள் யோசித்தன. பிறகு பழகிவிட்டன.

அப்போதுதான் கூட்டணி பிறந்தது. மேற்கு வயல் தனலட்சுமி அக்காவுடையது; அவருக்கும் மக்காச்சோளம். கிழக்கே செல்லமுத்து அண்ணன், அவருக்குப் பருத்தி. பருத்தியைப் பன்றி சீண்டுவதில்லை. ஆனால் ஓடையிலிருந்து அது வருகிற வழி அவர் வயல்தான். நாய் வைத்திருப்பதும் அவர் மட்டும்தான். ஆபத்து ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம், படை ஒரு பக்கம்... உலக அரசியலும் இப்படித்தான் இருக்கிறது என்று கேள்வி.

ராஜேந்திரன் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினான். யார் பன்றியைப் பார்த்தாலும் குரூப்பில் போட வேண்டும். மற்றவர்கள் டின்னோடும் நாயோடும் ஓடி வர வேண்டும். எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒரு நாள் விடியற்காலையில் பன்றிகள் வந்தன – குட்டிகளோடு, குடும்பமாக. ராஜேந்திரன் குரூப்பில் போட்டான்: 'பன்றி வந்துவிட்டது. அனைவரும் உடனே வரவும்.' தனலட்சுமி அக்கா தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார். செல்லமுத்து வரவில்லை. செய்தியை அவர் பார்த்துவிட்டார் என்று போன் மட்டும் சொன்னது.

பாதி வயல் படுத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ராஜேந்திரன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். கையில் கடித்துப் போட்ட கதிர். பனிமலையில் காவல் நின்றவன்... கண் கலங்கியிருந்தது.

நேராகச் செல்லமுத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் நாய் நல்ல தெம்பாகப் படுத்திருந்தது.

"ஏங்க, மெசேஜ் பாக்கலையா?"

"பாத்தேங்க."

"அப்பறம் ஏன் வரல?"

"என்னைய எங்கங்க கூப்புட்டாரு? அனைவரும் வரவும்னு பொதுவாப் போட்டா, நான் பாட்டுக்கு நாயப் புடிச்சுக்கிட்டுப் போயி நிக்க முடியுமா?"

"பன்னி வந்துருக்குங்க!"

"வரட்டுங்க. முன்னாடியே ஒருதரம் வூட்டுக்கு வந்து, 'அண்ணே, இந்த மாதிரி பன்னி வருது, நீங்க வந்து நிக்கணும்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பன்னிக்கு முன்னாடி நான் போயி நின்னுருப்பேன்."

வந்த கோபத்தில் விறுவிறுவென்று திரும்பி நடந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் பத்திரிகை வந்த கல்யாணத்துக்கு நம்மில் யார் போகிறோம்?

ராஜேந்திரனிடம் வந்து சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டான்.

"வெளிநாட்டுக்காரங்களோட பயிற்சிக்குப் போனப்ப, மொத நாள் துப்பாக்கியவே தொடல மாமா. அவங்க கேம்ப்புக்குப் போயி, கைகுடுத்து, ஸ்வீட் குடுத்து, டீ குடிச்சிட்டு வந்தோம். ஊருக்கு வந்ததும் அத மறந்துட்டேன் பாருங்க."

அன்று சாயந்திரமே ராஜேந்திரனும் அவன் பொண்டாட்டியுமாகத் தட்டோடு செல்லமுத்து வீட்டுக்குப் போனார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் – ஒன்றும் குறையில்லை.

"மீதிப் பாதி நிக்குதுண்ணே. பன்னி திரும்ப வரும். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

செல்லமுத்து தோள் துண்டை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். "அதுக்கென்ன தம்பி, நம்ம வூட்டு விசேஷம்."

அடுத்த முறை பன்றிகள் வந்தபோது, குரூப்பில் செய்தி போவதற்கு முன்பே ஓடைக்கரையில் நாய் குரைத்தது. பக்கத்தில் செல்லமுத்து, சலவை வேட்டி சட்டையில். பன்றி விரட்டச் சலவை வேட்டியா? மரியாதையாகக் கூப்பிட்ட இடத்துக்கு வேறு எப்படிப் போவது? வந்த வழியே பன்றிகள் திரும்பின. மீதிப் பாதி பிழைத்தது.

இப்போதெல்லாம் டி.வி.யில் தலைவர்கள் விமானத்திலிருந்து இறங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டால் நான் சேனலை மாற்றுவதில்லை. தாம்பூலம் வைக்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்க்கிறேன்.

அறுவடைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. நேற்று தனலட்சுமி அக்கா குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார். "கூப்புடாமயே ஓடியாந்தவளுக்கு ஒரு வெத்தல கெடையாது... வராத ஆளுக்குத் தட்டு நெறைய தாம்பூலமாம்ல?"

ராஜேந்திரன் வெற்றிலை வாங்கப் போயிருக்கிறான்.