பார் கவுண்டருக்காக இடித்த சுவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. தளி சாலையில், ஓசூரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து வருகிறவர்களை நம்பித்தான் அந்த முயற்சி. உள் அலங்கார வேலை முழுவதும் என் பொறுப்பு. நான் தனியாகத் தொழில் தொடங்கியபின் கிடைத்த முதல் பெரிய வேலை.

முன்ஹாலில் பார். ஒரே நீளமாக முப்பதடி கவுண்டர், பின்னால் கண்ணாடி அலமாரி, பழைய தேக்கு உத்தரங்கள் அப்படியே தெரியும்படி மஞ்சள் விளக்குகள் என்று வரைந்து கொடுத்திருந்தேன். உரிமையாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே தடங்கல், ஹாலை இரண்டாகப் பிரித்த குறுக்குச் சுவர். பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். மற்ற சுவர்களில் இருந்த பழைய செங்கல் இல்லை. பிற்காலத்துச் செங்கல், சிமெண்ட் கலவை. யாரோ பின்னாளில் தடுப்புக்காகக் கட்டியது, எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கொத்தனார் அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் மனைவியும் கூடவே சித்தாளாக வேலை செய்தார். இருவரும் மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு இருந்தார்கள். இடிக்கச் சொன்னதும் கொத்தனார் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மேடம், இது பின்னாடி கட்டுனதாவே இருக்கட்டுங்க. சும்மாவா கட்டியிருப்பாங்க? உத்தரத்துக்கு முட்டுக் குடுத்துட்டு அப்புறம் இடிக்கலாங்க. ரெண்டு நாள் ஆவும்."

மறுநாள் உரிமையாளர் வருவதாக இருந்தது. ஹால் முழுதாகத் திறந்து கிடப்பதை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்பதே என் நினைப்பு. "நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன், இடிங்க" என்றேன். அவர் கடப்பாரையை எடுத்தார்.

பதினோரு மணி இருக்கும். சுவர் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. நான் வாசலில் எலக்ட்ரீஷியனிடம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே மரம் முறிகிற சத்தம். அடுத்த நொடி தரையே அதிர்ந்தது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. கொத்தனார் தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்துவது மட்டும் கேட்டது. கற்களை அள்ளக் குனிந்திருந்த அந்தப் பெண்ணின் மேல் உத்தரம் விழுந்திருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கினோம். வலது முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. அவர் அழவில்லை. தண்ணீர் கேட்டார்.

உத்தரத்தின் முனையைப் பார்த்தேன். வெளிச்சுவருக்குள் செருகியிருந்த அந்தப் பகுதியைக் கரையான் தின்று தூளாக்கியிருந்தது. அதைத் தாங்கத்தான் யாரோ குறுக்குச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து, யார் இடிக்கச் சொன்னது என்று கேட்டது. ஹோட்டல் மேனேஜர் கொத்தனாரைக் கைகாட்டி முந்திக்கொண்டார். "சொல்லச் சொல்லக் கேக்காம இவங்களே இடிச்சுட்டாங்க சார்."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்தது நன்றாகவே புரிந்தது. நான் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் காலை ஸ்டேஷனுக்குப் போனேன். இடிக்கச் சொன்னது நான்தான், முட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வழக்கு என் பக்கம் திரும்பியது, இன்னும் நடக்கிறது. அந்த வேலையும் போனது.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. கடைசிவரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கொத்தனாரிடம், எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னங்க மேடம்? மூணு நாளா என்னைய ஸ்டேஷன்லயே உக்கார வெச்சுட்டாங்க. காலை எடுக்கறதுக்கு இவளே கையெழுத்துப் போட்டிருக்கறா. பக்கத்துல நான் இல்லீங்க."

அவர் குரலில் கோபம்கூட இல்லை.

சுவர் விஷயத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது எனக்குள் சொல்லிக்கொள்ள முடிகிறது. வாய் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாட்களுக்கு மட்டும், இத்தனை வருடம் கழித்தும் எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.