வசனம் எடுத்துக் கொடுத்தவள்

அக்கா மேடையில் முதன்முதலாக வசனத்தை மறந்த அந்த நொடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காட்சி. சத்தம் போடும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்ததால் மேடையில் இருந்த எல்லோருக்கும் முதுகு நனைந்திருந்தது. அக்கா மாமியார், நான் மருமகள். என் புருஷன் வேலையை விட்டுவிட்ட செய்தியை மாமியார் என்னிடம் சொல்ல வேண்டிய கட்டம். அக்கா வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மாமியார் இல்லை. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்க நிற்கிற ஒரு பெண்மணி இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்றதுக்கு உங்களுக்கு மனசு வரல, இல்ல அத்தை? அவர் வேலையை விட்டுட்டார். அதானே?" என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எழுதியிருந்த வசனத்துக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

எங்கள் குழுவில் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. அது சோம்பேறிகளுக்கான ஏற்பாடு என்பது எங்கள் இயக்குநரின் கட்சி. ஒருவர் மறந்தால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைவிடக் கண்டிப்பான சட்டம் ஒன்றும் இருந்தது. காட்சி முடிந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. மறந்தவருக்கு மறந்ததை நினைவுபடுத்தினால் பயம் வரும், பயம் வந்தால் அடுத்த தடவையும் மறக்கும் என்பார். பதினேழு வருடம் அந்தச் சட்டத்தை நாங்கள் பக்தியோடு காப்பாற்றினோம். அன்றும் காப்பாற்றினோம். கேம்ப் ரோடு கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். எல்லோரும் அக்காவின் புடவையைப் பற்றிப் பேசினோம்.

குழுவில் எல்லோருக்கும் அக்காவான அவர் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள், புனேயில் வேலை. தினமும் காலையில் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றுவார். என்னால் ஒரு சுற்றுக்கு மேல் முடியாது. "ஏய் இன்சூரன்ஸ், உன் பாலிசிதான் முதல்ல க்ளெய்ம் ஆகப்போகுது பாரு" என்பார். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவள் என்பதால் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. என்னைக் கதைப் புத்தகம் படிக்க வைத்தவரும் அவர்தான். தன் புத்தகங்களைப் பென்சில் கோடுகளோடு கொடுப்பார். சில ஓரங்களில் "பொய்" என்று எழுதியிருக்கும், சில இடத்தில் "அப்படிப் போடு" என்றிருக்கும். நான் கதையைவிட அந்தக் கிறுக்கல்களை ஆசையாகப் படிப்பேன்.

அந்த முதல் மறதிக்குப் பிறகு அடுத்த காட்சியில் இன்னொன்று, அதற்கடுத்ததில் இரண்டு. நான் தயாராகவே நிற்கப் பழகிக்கொண்டேன். என் வசனத்தோடு அவர் வசனத்தையும் மனப்பாடம் செய்தேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். அப்புறம் அவர் நடை மாறியது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் இழுத்து இழுத்து வைத்தார். இயக்குநர் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "வயசான பாத்திரத்துக்கு எவ்ளோ நேச்சுரலா இருக்கு பாருங்க" என்றார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, அல்லது அப்படித் தோன்றட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் கொடுக்கிற புத்தகங்களில் பென்சில் கோடு முதல் அத்தியாயத்தோடு நின்றுவிட்டிருந்தது. மாதாந்திர வாசிப்புக் கூட்டத்துக்குப் போகும் வழியில் ஆட்டோவில் நான் முழுக் கதையையும் சொல்லிக்கொண்டே வருவேன். கூட்டத்தில் அவர் அதை அழகாகப் பேசுவார். திரும்பும்போது இருவரும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டோம்.

ஒரே ஒரு முறை அவராகப் பேசினார். ஏரிக்கரையில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதல் சுற்றே முடியவில்லை. "என் பொண்ணுகிட்ட எதுவும் சொல்லிடாதடி. தெரிஞ்சா புனேக்குத் தூக்கிட்டுப் போயிடுவா. அங்க நான் யார்கிட்ட தமிழ்ல நடிக்கிறது?" என்றார். நான் சத்தியம் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்வாள். "அம்மா எப்படி இருக்காங்க ஆன்ட்டி? போன்ல கொஞ்சம் டல்லா பேசறாங்க" என்பாள். "உங்கம்மாவா? சூப்பரா இருக்காங்க. ரிகர்சல் டயர்டுதான்" என்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

அடுத்த நாடகம் மலைக் கிராமத்தைவிட்டு இறங்கி வரும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. முதுகில் மூட்டை இல்லாமல் நடந்து பழகினால் அது நடிப்பில்லை, வாக்கிங் என்று சொல்லி இயக்குநர் எங்களை ஜவ்வாது மலைக்குக் கிளப்பினார். இரண்டு நாள் நடை, ஒரு ராத்திரி கூடாரம். அக்கா வரவேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. புது ஷூ வாங்கி வந்திருந்தார். முதல் மணி நேரத்திலேயே கால் பின்னிற்று. "புது ஷூ, அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருவர். "ஏத்தம் ஜாஸ்தி" என்றார் இன்னொருவர். அவர் பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் பைகளில் போட்டுக்கொண்டோம். மத்தியானம் பார்த்தால் அவர் முதுகில் காலிப்பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அது காலி என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கூடாரத்தில் அவரும் நானும். விடியும்போது குளிரில் எனக்கு விழிப்புத் தட்டியது. அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் படுத்திருந்த ஸ்லீப்பிங் பேக் இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. வாடையில் விஷயம் புரிந்துவிட்டது. அக்கா பையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இயக்குநர் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஸ்லீப்பிங் பேக் மேலும், அவர் சுடிதார் மேலும் கவிழ்த்தேன். "ஐயோ, பாட்டில் மூடியை ஒழுங்கா மூடாம படுத்துட்டேன்கா! எல்லாம் நனைஞ்சு போச்சு, சாரிக்கா!" என்று வெளியே கேட்கும்படி கத்தினேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "உனக்கு எப்பவும் அவசரம்டி" என்று அவரும் உரக்கச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் எடுத்துக் கொடுத்ததிலேயே அபாரமான வசனம் அதுதான். அந்தக் காலையில் நான் பேச வேண்டியது புனேக்கு. போன் என் சட்டைப்பையில் இருந்தது, கொஞ்சம் மேலே ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்றும் தெரியும். நான் துணியைப் பிழிந்து பாறையில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஏரிக்கரையில் விழுந்து நெற்றி கிழிந்தது. தையல் போட்ட இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் நீர் தேங்கியிருந்தது. நடை, மறதி, சிறுநீர், மூன்றும் அதனால்தானாம். மகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். குழாய் வைத்து நீரை வடிய வைக்கலாம் என்றார் டாக்டர். சீக்கிரமே வந்துவிட்டால் நன்றாகத் தேறுவார்கள், வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். "எப்ப ஆரம்பிச்சது?" என்று மகளைக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, நீங்கதானே கூடவே இருந்தீங்க?" என்றாள்.

எனக்கு வசனம் மறந்துவிட்டது. நிஜமாகவே ஒரு வார்த்தை வரவில்லை. டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்போது கட்டிலில் தலைக்கட்டோடு படுத்திருந்த அக்கா, அன்று காலையில் என் பெயர்கூடச் சொல்ல முடியாமல் விழித்த அக்கா, தெளிவான குரலில் சொன்னார்: "மலைக்குப் போனோம்ல, அங்கதான். அதுக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாது." மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "மூணு மாசம்" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "அப்ப நல்ல சான்ஸ் இருக்கு" என்று மகளைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். அவள் வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லன்னா எங்கம்மா என்ன ஆகியிருப்பாங்க ஆன்ட்டி" என்று அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அழுகை எளிதாக வரும்.

குழாய் வைத்து இப்போது ஒரு வருடமாகிறது. கால் கொஞ்சம் தேவலை, நினைவு திரும்பவில்லை. மகள் வேலையை இங்கே மாற்றிக்கொண்டு சிட்லபாக்கத்துக்கே வந்துவிட்டாள். காலையில் அம்மாவைக் கைப்பிடித்து நடக்க வைக்கிறாள், பயிற்சிப் புத்தகத்தில் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கிறாள், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். போன மாதம் சேலையூரில் ஒரு புதிய குழுவின் நாடகத்துக்கு அவளை வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு பெண் வசனத்தை மறந்துவிட்டாள். கூட நின்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அவள் எங்களைப் பார்த்து, "மறந்துடுச்சுங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து நடித்தாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இதெல்லாம் ஒரு குழுவா என்று. வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

அன்று நாடகம் விட்டு வரும்போது மகள் கேட்டாள்: "டாக்டர் நல்லாத் தேறும்னு சொன்னாரே ஆன்ட்டி. மூணு மாசத்துலயே கண்டுபிடிச்சுட்டோம். அப்புறமும் தேறலன்னா, நான்தானே எங்கயோ சரியா பண்ணல? எக்சர்சைஸ் ஒரு வாரம் விட்டேன், அதனாலயா?" நான், "சேச்சே, கொஞ்சம் டைம் எடுக்கும்மா" என்றேன். அவள் அன்றிரவிலிருந்து பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்கிவிட்டாள். அக்காவுக்கு வலிக்கிறது. கையை உதறுகிறார், அழுகிறார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் செய்ய வைக்கிறாள்.

இதை நான் நேரில் சொல்ல மூன்று தடவை போய்விட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் எனக்குச் சமாளிப்புதான் வருகிறது. அதனால் எழுதிவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பும் முன் நாளைக் காலை முதல் பிரதியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கப் போகிறேன்.

கண்ணு, நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை. அம்மாவை அழவைத்து நடக்க வைக்காதே. மூன்று மாதம் என்பது பொய். மலைக்குப் போவதற்கு முன்பே உன் அம்மா இரண்டு வருடமாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருடமும் நீ போன் செய்து கேட்டாய், நான் சூப்பராக இருக்கிறார் என்றேன்.