எட்டுக் கிரகமும் ஒரு முறம் தவிடும்

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஒன்பதில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றாகக் கூடப்போகின்றன, அதோடு உலகம் முடிந்தது என்று ஒரு பேச்சு கிளம்பியது. வடக்குப்பட்டுக்கு அது ஸ்ரீபெரும்புதூர் ரைஸ்மில் வழியாக வண்டியேறி வந்தது. வந்த வேகத்தில் ஊரில் பாதிக் கோழிகள் குழம்புக்குப் போயின. செத்த பிறகு யார் திங்கப் போகிறார்கள்? எந்நாளும் முறைத்துக்கொண்டு திரிந்த பங்காளிகள் ஒருவருக்கொருவர் வெற்றிலை நீட்டினார்கள். மாரியம்மன் கோயிலில் ஓயாமல் பஜனை. இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தவறவில்லை. மனுஷனுடைய பயம் அவ்வளவுதான்.

அம்சவல்லிக்கு உலகத்தைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு நிறைமாதம். இதற்கு முன் பெற்ற இரண்டு ஆண் பிள்ளைகளும் தொட்டிலுக்கு மேல் வளரவில்லை. மூன்றாவதாவது தங்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. அவள் புருஷன் தாண்டவராயன் மில்லுக்கு நெல் ஏற்றிப் போகும் வண்டிக்காரன். வாய் பேசாத ஆள். மாட்டிடம் பேசுவதில் பாதிகூடப் பெண்டாட்டியிடம் பேசமாட்டான்.

குன்றத்தூரிலிருந்து வந்த ரகுபதி ஜோசியர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"கிரகம் கூடறதுக்கு முன்னாடி பொறந்தா தோஷமில்லை. கூடி நிக்கிறப்போ பொறந்தா தகப்பன் முகத்துல முழிக்கக்கூடாது. தவிட்டுக்கு வித்துடு. கிரகம் பிரிஞ்சதும் வாங்கிக்கோ."

பிள்ளை தங்காத வீடுகளில் அந்தப் பக்கத்தில் உள்ள வழக்கந்தான் அது. பிறந்ததை முறத்தில் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு முறம் தவிடு வாங்கிக்கொள்வார்கள். இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று விதி ஏமாந்துபோகுமாம். அப்புறம் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளை முன்னாலேயே வந்துவிடட்டும் என்று அம்சவல்லி கனமான குடத்தையெல்லாம் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. கிரகம் பிரிந்த பிறகு வரட்டும் என்று அசையாமல் படுத்தும் பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை. எட்டும் கூடி நின்ற ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், பஜனைச் சத்தம் காதைக் கிழிக்கும்போது, மருத்துவச்சி சின்னப்பொண்ணு கையில் ஒரு பெண் பிள்ளை வந்து விழுந்தது. அதன் முகத்தை அம்சவல்லி சரியாகப் பார்ப்பதற்குள் முறம் வந்துவிட்டது.

யாருக்கு விற்பது என்பதைத் தாண்டவராயன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். தெருக்கோடியில் யாக்கோபும் ராஜம்மாவும் இருந்தார்கள். பிள்ளையில்லாத கிறிஸ்தவர்கள்.

"அவுங்க வேதக்காரங்க. அவுங்களுக்குக் கிரகமே கெடையாது. அந்த வூட்டுக்குள்ள சனி எப்புடி நொழைவான்?" என்றான்.

அவன் தன் வாழ்நாளில் செய்த ஒரே சாமர்த்தியம் அது. அதுதான் வினையாகவும் முடிந்தது.

திங்கட்கிழமை உலகம் அழியவில்லை. செவ்வாய்க்கிழமையும் அழியவில்லை. கோழியைத் தின்றவர்கள் முட்டைக்கு அலைந்தார்கள். அம்சவல்லி வயிற்றுத் துணியை இறுக்கிக்கொண்டு எழுந்து, "தவிட்ட எடுய்யா, போய் வாங்கியாரலாம்," என்றாள். தாண்டவராயன் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஜோசியரிடம் ஓடினான்.

"சந்திரன் ஒருத்தன்தானே வெளிய போயிருக்கான்? மத்த ஏழும் அங்கேயே உக்காந்திருக்குதே," என்றார் ஜோசியர்.

அன்று பிடித்தது அவளுக்குச் சனி. மாசி பிறந்து சூரியன் போனான், போதாது என்றார். சுக்கிரன் போனான், குரு போனான். பங்குனி வருவதற்குள் செவ்வாயும் புதனும் மூட்டை கட்டினார்கள். ஒவ்வொரு கிரகம் கிளம்பும்போதும் அம்சவல்லி தலைவாரிப் பூவைத்துக் காத்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் தாண்டவராயன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவான். கடைசியில் கேதுவும் சனியுந்தான் மிச்சம். சனி மகரத்தை விட்டு எழுந்திருக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்றார் ஜோசியர். சனியாவது உட்கார்ந்த இடத்தை விடுவதாவது!

தினமும் அவள் ராஜம்மா வீட்டுக்குப் போய், யார் பிள்ளைக்கோ கொடுப்பதுபோல் பால் கொடுத்துவிட்டு வருவாள். பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கொஞ்சக் கூடாது. கொஞ்சினால் விதிக்குக் காது கேட்டுவிடும். பால் குடித்ததும் ராஜம்மாவின் தோளில் சாய்த்தால்தான் பிள்ளையின் அழுகை அடங்கும். அம்சவல்லிக்கு வயிறு எரியும். எரிகிறதே என்று வெட்கமாகவும் இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் தவிட்டுக் கவலை. எந்தத் தவிடு வந்ததோ அதே தவிடு திரும்பிப் போக வேண்டும். ஆனால் தவிடு என்ன தங்கமா, பெட்டியில் பூட்டி வைக்க? வண்டு வைத்தது. காயப்போட்டால் காற்றில் பறந்தது. அசந்த நேரம் பார்த்து அண்டை வீட்டு ஆடு வாய் வைத்தது. அவள் முறத்தின் பக்கத்திலேயே குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். சலிக்கச் சலிக்கத் தவிடு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு பிடிகூட மிஞ்சாது, அப்புறம் எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று நினைக்கும்போதெல்லாம் முறத்தை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொள்வாள்.

புருஷன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தன் உயிருக்குப் பயந்து பெற்ற பிள்ளையைத் தெருக்கோடியில் போட்டு வைத்திருக்கிறானே, இவனும் ஒரு ஆம்பிளையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் அவனுக்குச் சோறு போட்டாள்.

சித்திரையில் ஒருநாள் பால் கொடுத்துவிட்டு எழுந்தவளை ராஜம்மா நிறுத்தினாள்.

"ஈஸ்டருக்கு வேதக்கோயில் ஐயர் வராரு அம்சா. புள்ளைக்கு இன்னா பேரு, ஞானஸ்நானம் குடுக்கணுமான்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

அம்சவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ரெண்டு வருசம் வளத்துட்டு அப்பால என் கையிலேந்து புடுங்கினா நான் செத்துடுவேன். ஆசை வந்துடுச்சிடி எனக்கு. இப்பவே தூக்கினு போ. இல்லன்னா எப்பவுமே வராத." சொல்லும்போதே ராஜம்மா அழுதுவிட்டாள்.

அம்சவல்லி வீட்டுக்கு ஓடினாள். ஜோசியரைக் கேட்கவில்லை, புருஷனையும் கேட்கவில்லை. முறத்தின் அடியில் ஒட்டிக் கிடந்த தவிட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பாதிகூட இல்லை. குறைகிறதே என்று ராஜம்மா சொல்லிவிட்டால்? ராஜம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. வாங்கிய கையோடு தன் கோழிகளுக்குக் கொட்டினாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாண்டவராயன் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிள்ளைச் சத்தம் கேட்டதும் சட்டென்று வைக்கோல் போர்ப் பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டான்.

"இன்னாடி காரியம் பண்ணிட்ட!"

"வாங்கினு வந்துட்டேன். சனி போற வரைக்கும் நீ இப்டியே வைக்கோலையே பாத்துக்கினு நில்லு. உன் உசுரு மேல உனக்கு அவ்ளோ ஆசையாய்யா?"

"என் உசுரு யாருக்குடி வோணும்?" அவன் முதுகு குலுங்கியது. "மொத ரெண்டையும் கண்ணெடுக்காம பாத்துக்கினே கெடந்தேன். ரெண்டையும் இந்தக் கையாலதானே ஏரிக்கரையில பொதச்சேன்? இதாவது என் கண்ணுல படாம பொழச்சுப் போவட்டும்னு இருந்தேன்."

இத்தனை நாளும் வாய்க்குள் திட்டிய திட்டெல்லாம் அம்சவல்லிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

"கண்ண மூடிக்கினு இப்டித் திரும்பு. கைய நீட்டு," என்றாள்.

அவன் திரும்பினான். இமைகளை இறுக்கிக்கொண்டு கைகளை நீட்டினான். அவள் பிள்ளையை அதில் வைத்தாள். அவன் கை தாழ்ந்து, பிறகு நின்றது.

"கனமா கீதுடி," என்றான் ஆச்சரியமாக. "அதுங்க ரெண்டும் இப்டி இல்ல."

லேசாகத் தூக்கிப் பார்த்தான். அப்புறம், "தொறக்கட்டா?" என்று கேட்டான்.

அதுவரை தைரியமாக இருந்தவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. சனி இன்னும் அங்கேதானே இருக்கிறான்? ஜோசியர் சொன்னது மெய்யாகவே இருந்துவிட்டால்? பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தெருக்கோடிக்கே ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் வார்த்தைக்காகக் காத்திருந்தான். இமை ஓரத்தில் ஈரம் கசிந்தது.

"தொற," என்றாள்.

அவன் திறந்தான். பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. தெருக்கோடிப் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுதது. அம்சவல்லி மார்பைக் கொடுத்தும் அடங்கவில்லை. தாண்டவராயன் பிள்ளையைக் கைகளில் ஏந்திக்கொண்டு, அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து, ராஜம்மாவின் கதவைத் தட்டினான்.